நூறு ரூபாய்க்கு ஏழு குறும்படம்: வண்ணாரப்பேட்டை மாடித் திரையிடலுக்குப் போகலாமா?

போகலாம். கட்டாயம் போங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நிறைய குறை சொல்லப்போகிறேன், பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் குறையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது.

இடம் வட சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை. தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி ஐந்தாறு நிமிடம் நடந்தால் ஒரு சின்ன கல்யாண மண்டபம், கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே ஹால். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு மண்டபத்தில் விசேஷம் எதுவும் இல்லையென்றால், மாலை ஐந்து மணிக்கு மேல் ஹாலில் குறும்படம் போடுகிறார்கள். நுழைவு 100 ரூபாய், மாணவர்களுக்கு 50. படம் எடுத்தவர்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. நடத்துவது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேர்: ஒருவர் சினிமாவில் உதவி இயக்குநர், இரண்டு பேர் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள், ஒருவர் மைக்செட் கடை வைத்திருக்கிறார், இன்னொரு பெண் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே கணக்கு வழக்கைப் பார்க்கிறார். இதுவரை நாலு முறை போயிருக்கிறேன். போன மாதத் திரையிடலை முக்கியமாக வைத்து எழுதுகிறேன், மற்ற மூன்றும் இடையிடையே வரும்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். பதினோரு வருடமாக எம்.சி. ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் தாலி கட்டும் காட்சியை வெட்டி ஒட்டுகிறேன். அதனால் ஒரு படத்தில் கேமரா எங்கே தடுமாறியது, சத்தம் எங்கே செத்தது என்பதெல்லாம் தானாகவே கண்ணில் காதில் பட்டுவிடும். அதோடு நான் தண்டையார்பேட்டைக்காரி. அகஸ்தியாவில் படம் பார்த்து வளர்ந்தவள். 2020இல் அந்தத் தியேட்டரை மூடியபோது எங்கள் வீட்டில் யாரோ இறந்த மாதிரி அம்மா உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து இருட்டில் உட்கார்ந்து படம் பார்க்க இன்னொரு இடம் வந்திருக்கிறது என்றால் அது எனக்குச் சாதாரண செய்தி கிடையாது.

இங்கே போடுவது நடிகர்களை வைத்து எடுத்த கதைப் படங்கள் மட்டும், அதாவது லைவ் ஆக்‌ஷன். ஆவணப்படமும் அனிமேஷனும் எடுப்பதில்லை. போன மாதம் வாசலில் ஒரு தம்பி இதை வைத்துச் சண்டைக்கே போனார், முதுமலை யானைப் படம் ஆஸ்கர் வாங்கியதே, அதுவும் குறும்படம்தானே என்று. அது 2023இல் வாங்கியது ஆவணக் குறும்படப் பிரிவில். ஆஸ்கரிலேயே லைவ் ஆக்‌ஷன், அனிமேஷன், ஆவணம் என்று குறும்படத்துக்கு மூன்று தனித்தனிப் பிரிவு இருக்கிறது, மூன்றுக்கும் டைட்டில் கார்டு வரை எல்லாம் சேர்த்து 40 நிமிடம்தான் உச்ச வரம்பு. இந்த மண்டபத்தில் வரம்பு 25 நிமிடம். பிரித்து வைத்திருப்பது சரி என்றே நினைக்கிறேன். நடிக்கத் தெரியாத சொந்தக்காரர்களை நிற்கவைத்து, இரவல் கேமராவில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கதையை நம்பவைப்பது தனிக் கஷ்டம். அந்தக் கஷ்டத்தில் இருக்கிறவர்கள் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு இடம் வேண்டும்.

சரி, இங்கே மற்ற இடத்தில் இல்லாதது என்ன என்று கேட்டால், மூன்று பழக்கம்.

படத்துக்கு முன்னால் இயக்குநர் மைக்கைப் பிடிக்கக் கூடாது. "இது என்னோட முதல் முயற்சி, பட்ஜெட் ரொம்பக் கம்மி, தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க" என்ற பேச்சுக்கே இடமில்லை. விளக்கு அணைகிறது, படம் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. பிறகு பார்த்தவர்கள் பேசுகிறார்கள், இயக்குநர் கடைசியில்தான் வாயைத் திறக்கலாம். பத்து நிமிடம் தன் படத்தைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் பேசுவதை அவர் வாய்மூடிக் கேட்க வேண்டும். முதல் முறை இதைப் பார்த்தபோது கொடுமையாக இருந்தது. ஒரு பையன் கைவிரலை நெட்டி முறித்துக்கொண்டே இருந்தான். ஆனால் யூடியூபில் படத்தைப் போட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் வருமே தவிர, எந்த இடத்தில் செல்போனை எடுத்தார்கள், எந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் "இவன் யாரு?" என்று கேட்டார்கள் என்று எதில் தெரியும்? இந்த ஹாலில் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட ஆரம்பித்தால் அந்தக் காட்சி நீளம் என்று அர்த்தம். எடிட்டருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

இரண்டாவது, பரிசு கிடையாது. முதலிடம் இரண்டாமிடம் இல்லை, கேடயம் இல்லை, சிறப்பு விருந்தினர் இல்லை, சால்வை இல்லை. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: ஒவ்வொரு மாதமும் ஏழு படத்தில் ஒன்று, ஏற்கெனவே இங்கே காட்டி, அந்தப் பேச்சைக் கேட்டுத் திருத்திக் கொண்டுவந்த படம். அதையும் புதுப்படத்தோடு புதுப்படமாக ஓட்டுகிறார்கள்.

போன மாதம் அப்படி வந்தது ஒரு காசிமேட்டுப் பெண்ணின் படம். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற பெண். காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்களுக்கு மீனை ஆய்ந்து கொடுக்கும் ஒரு அம்மாவின் கதை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதமும் ஆய்வதற்குப் போதுமான மீன் இல்லை, கையில் காசு இல்லை, அதனால் அந்த அம்மா ஒரு அபார்ட்மென்டில் சமையல் வேலை கேட்டுப் போகிறார். போவதற்கு முன்னால் கையில் இருக்கிற மீன் வாடையைப் போக்கப் பார்க்கிறார். சோப்பு, எலுமிச்சம்பழம், கல் உப்பு, புளி, கடைசியில் சின்ன மகனின் டூத் பேஸ்ட். அவ்வளவுதான் படம். தடைக்காலத்திலேயே எடுத்திருக்கிறார், பின்னால் படகுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. செட் போட்டால் லட்சக்கணக்கில் ஆகியிருக்கும் காட்சி, அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் சும்மா இருந்திருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் முதல் முறை போட்டபோது இந்தப் படம் 14 நிமிடம். அதில் அபார்ட்மென்ட் அம்மா கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளிப்பார், ஒரு வசனம் பேசுவார், இவர் அழுதுகொண்டே படியிறங்குவார், வயலின் கேட்கும். அன்றைக்கு முன்வரிசையில் இருந்த ஒரு ஆயா, அவரும் மீன் வியாபாரம்தான் போலிருக்கிறது, மைக்கை வாங்கிச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "நாத்தம்னு அவ சொல்லாங்காட்டியும் எனக்கே தெரியும்மா. நான் பஸ்ல ஏறினா நானே போய் ஓரமா நின்னுப்பேன். எவளும் மூஞ்சி சுளிக்கத் தேவயில்ல." ஹாலில் ஒரு சத்தம் இல்லை. அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இந்த முறை படம் 11 நிமிடம். மூக்கைச் சுளிக்கும் காட்சி இல்லை. வயலின் இல்லை. கதவைத் திறக்கிறவர் சிரித்த முகமாக "உள்ள வாங்க" என்கிறார், தண்ணீர் கொடுக்கிறார், எத்தனை மணிக்கு வர முடியும் என்று கேட்கிறார். நம் அம்மா டம்ளரை வாங்காமல் கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறார். "தாகம் இல்லம்மா." அந்த இடத்தில் கேமரா கையைக்கூடக் காட்டவில்லை, தோளுக்கு மேலேதான் நிற்கிறது, ஆனால் ஹாலில் இருந்த எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தோம். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் வெகு நேரம் தூங்கவில்லை. பதினோரு வருடமாக வெட்டுவதையே வேலையாகச் செய்கிறேன், ஒரு காட்சியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இவ்வளவு கனக்கும் என்று ஒரு மாணவியின் படத்தில்தான் கண்ணால் பார்த்தேன்.

இந்தப் படம் நேராக யூடியூபுக்குப் போயிருந்தால் 14 நிமிடமாகவே நின்றிருக்கும். சொந்தக்காரர்கள் இதயப் படம் போட்டிருப்பார்கள், யாராவது ஒருவர் "கண்ணீர் வந்தது" என்று எழுதியிருப்பார். அந்த ஆயா அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

மற்ற படங்களுக்கு வருகிறேன். வியாசர்பாடிக் கால்பந்து மைதானத்தில் எடுத்த ஆறு நிமிடப் படம் ஒன்று, வசனமே இல்லை, பெனால்டிக்குக் காத்திருக்கும் கோல்கீப்பர் பெண்ணின் முகமும் மூச்சும்தான். பந்து வருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. சத்தத்தை ஸ்பாட்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள், பின்னால் ஒரு அப்பா மகனைத் திட்டும் குரல், பக்கத்தில் எங்கேயோ சாமி பாட்டு, எல்லாம் எங்கெங்கே கேட்க வேண்டுமோ அங்கங்கே கேட்டது. அருமை. ஓய்வூதியப் பேப்பருக்கு அலையும் பெரியவர் படம் ஒன்று, நல்ல நடிப்பு, ஆனால் 24 நிமிடம் தாங்கவில்லை. காதல் படம் இரண்டு, இரண்டிலும் பெண்ணுக்கு வேலை காத்திருப்பது மட்டும்தான். இன்னொன்றில் கடைசியில் அவன் செத்துப்போனவன் என்று தெரிகிறது. நாலு திரையிடலில் நான் பார்க்கிற மூன்றாவது செத்துப்போனவன் இவன். தம்பிகளே, கடைசி இருபது நொடிக்காக முன்னால் பன்னிரண்டு நிமிடத்தைப் பூட்டி வைக்காதீர்கள். ட்விஸ்ட் தெரிந்த பிறகும் மறுபடி பார்க்கத் தோன்றினால் அது கதை, இல்லையென்றால் விடுகதை.

அப்புறம் அந்த அரிவாள் படம். 22 நிமிடம். எடுத்தவர் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை. தொழில்நுட்பம் பிரமாதம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், பேசின் பிரிட்ஜ் பக்கம் ஜிம்பலில் (நடந்துகொண்டே எடுத்தாலும் கேமராவை ஆடாமல் பிடிக்கிற கருவி) ஒரு நீள ஷாட், நிறமெல்லாம் பெரிய படம் மாதிரி. கதை நமக்குத் தெரிந்ததுதான்: குடிசை, கேரம் போர்டு, கஞ்சா, துரோகம், ரத்தம். விளக்கு எரிந்ததும் நடுவரிசையில் இருந்து ஒரு அம்மா எழுந்தார். கோபமே இல்லாமல்தான் கேட்டார்: "தம்பி, நல்லா எடுத்திருக்க. நாங்க தெருவுல காலையில தண்ணி லாரிக்குக் குடம் வைக்கிறோம், புள்ளைங்கள இஸ்கோலுக்கு அனுப்புறோம், நைட்டு அத்தோ வாங்கித் துன்றோம். அதுல ஒண்ணாவது உன் படத்துல வருதா? வெட்டிக்கிறது மட்டும் எப்படிப்பா உனக்குத் தெரிஞ்சுது?" இயக்குநர் பதில் பேசும் முறை வந்தபோது உண்மையைச் சொன்னார். ஒரு தயாரிப்பாளரிடம் காட்டத்தான் எடுத்தேன், வட சென்னை என்றால் இதுதான் எதிர்பார்ப்பார்கள் என்று நினைத்தேன் என்றார். அந்த நேர்மைக்காக அவர்மேல் மரியாதை வந்தது. படத்தின்மேல் வரவில்லை.

நான் இந்தத் திரையிடலைப் பற்றி எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். குறும்படம் இப்போது பெரும்பாலும் விசிட்டிங் கார்டாகிவிட்டது. தயாரிப்பாளர் மேசையில் வைக்கிற அட்டை. அதில் தவறில்லை, வழி அப்படித்தான் திறந்தது. கலைஞர் டிவியின் நாளைய இயக்குநர் நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்த கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன், நலன் குமாரசாமி, அல்ஃபோன்ஸ் புத்திரன் நாலு பேரும் 2012, 2013 இரண்டே வருடத்துக்குள் பெரிய படத்தோடு தியேட்டருக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு டிவியில் குறும்படத்துக்கு நடுவர்கள் உட்கார்ந்து கருத்துச் சொல்வதைப் பார்த்து, நாமும் எடுக்கலாம் என்று ஒரு தலைமுறையே கேமராவைத் தூக்கியது. 2015இல் பெஞ்ச் டாக்கீஸ் என்று ஆறு குறும்படத்தைச் சேர்த்துத் தியேட்டரிலேயே வெளியிட்டார்கள். அடுத்த வருடம் அதே மாதிரி வந்த அவியல் என்ற தொகுப்பில் ஒரு குறும்படம், அப்போது யாருக்கும் தெரியாத லோகேஷ் கனகராஜ் எடுத்தது. 2017இல் யூடியூபில் போட்ட குறும்படத்தின் கருவைத்தான் பிரதீப் ரங்கநாதன் 2022இல் முழுப்படமாக எடுத்தார். வெளிநாட்டிலும் இதே கதைதான். விப்லாஷ் படத்தின் திரைக்கதையில் ஒரே ஒரு பகுதியை எடுத்து 18 நிமிடப் படமாக்கி 2013இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் பட விழாவில் காட்டி, அங்கே பரிசும் வாங்கி, அதை வைத்துத்தான் டேமியன் சாஸெல் முழுப்படத்துக்குப் பணம் திரட்டினார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பதினெட்டு நிமிடம் பணம் கொண்டுவந்தது, பார்க்கிறவர்கள் நாற்காலி நுனிக்கு வந்ததால்தான். அட்டை மாதிரி இருந்ததால் இல்லை. முதலில் அது படம். நம் பிள்ளைகள் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஒரு சண்டை, ஒரு பாட்டு, ஒரு ட்ரோன் ஷாட், ஒரு சென்டிமென்ட், எல்லாம் எனக்கு வரும் பாருங்கள் என்று கடை விரிக்கிறார்கள். யாருக்காக எடுக்கிறோம் என்ற கேள்விக்கு "தயாரிப்பாளருக்காக" என்பது பதிலானால் படத்தில் இருக்கிற மனிதர்கள் எல்லோரும் சாம்பிளாகிவிடுகிறார்கள். இந்த ஹாலில் தயாரிப்பாளர் யாரும் வருவதில்லை. வருவது ஆட்டோ ஓட்டுகிறவர், துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள், ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், மாணவர்கள், மழை பெய்தால் ஒதுங்க வந்தவர். அவர்கள் நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் தெரியும், பிடிக்காவிட்டாலும் தெரியும். புதிதாக எடுக்கிறவருக்கு இதைவிடப் பெரிய மேடை எது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. நாலு வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு குறும்படம் எடுத்தேன், ஒன்பது நிமிடம், எங்கள் ஸ்டுடியோவில் தன் கல்யாண ஆல்பத்தை வாங்க வராமலே போன ஒரு பெண்ணைப் பற்றியது. ஆன்லைனில் ஒரு விழாவுக்கு 1,800 ரூபாய் கட்டி அனுப்பினேன். மூன்று வாரத்தில் தேர்வாகிவிட்டது என்று மெயில் வந்தது, போஸ்டரில் ஒட்டிக்கொள்ள அந்த இலை வளைய முத்திரையும் வந்தது. எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்தத் திரையில் காட்டுகிறீர்கள் என்று கேட்டு மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை. என் படம் எங்கேயும் ஓடவில்லை, முத்திரை மட்டும்தான் மிச்சம். அதற்குப் பிறகு கட்டணம் கட்டும் முன் நான் பார்க்கிற விஷயம் இதுதான்: போன வருடம் எந்த அரங்கில் காட்டினார்கள், நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கிற ஒரு புகைப்படமாவது இருக்கிறதா என்று. இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அதே காசுக்கு நல்ல காலர் மைக் ஒன்று வாங்கலாம்.

இனி குறைகள்.

சத்தம். மைக்செட் கடைத் தம்பி மனதார ஸ்பீக்கர் கொண்டுவந்து வைக்கிறார், ஆனால் அது நாதஸ்வரத்துக்கும் அரசியல் கூட்டத்துக்கும் ஏற்ற ஸ்பீக்கர். மெல்லப் பேசுகிற வசனம் கரகரத்துப் போகிறது, பாட்டு வந்தால் காதைப் பிளக்கிறது. ஹாலில் தரையும் சுவரும் டைல்ஸ், எதிரொலி வேறு. பின்சுவரில் நாலு கனமான ஜமுக்காளம் தொங்கவிட்டாலே பாதி சரியாகிவிடும் என்று அவரிடமே சொன்னேன், செய்கிறேன் என்றார். மேலே பத்து மின்விசிறி ஒன்றாக ஓடுகிறது, அதற்கு நடுவே குசுகுசுவென்று பேசும் காட்சி வந்தால் தெய்வம்தான் காப்பாற்ற வேண்டும். விசிறியை நிறுத்தினால் வேர்வையில் குளிக்கிறோம். இதற்கு எனக்கும் வழி தெரியவில்லை.

புரொஜக்டர் பரவாயில்லை ரகம். ஐந்து மணிக்கு வெளியே வெயில் இருக்கிறது, ஜன்னலுக்குப் போட்டிருக்கும் திரை மெல்லிசு, முதல் இரண்டு படத்தில் இரவுக் காட்சி எதுவும் தெரிவதில்லை. ஆறு மணிக்கு ஆரம்பிக்கலாம், அல்லது பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை முதலில் போடலாம். ஒரு விஷயத்தில் மட்டும் பாராட்டுகிறேன். ஃபைலை மூன்று நாள் முன்னதாகவே வாங்கி இதே புரொஜக்டரில் ஓட்டிப் பார்த்துவிடுகிறார்கள். செல்போனில் எடுத்த ஒரு படத்தில் போகப் போக உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கமாக விலகியிருக்கிறது. செல்போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு எத்தனை படம் என்ற ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே எடுக்கும், அதை அப்படியே எடிட்டிங் டைம்லைனில் போட்டால் இந்த வியாதி வரும். எடிட் தொடங்கும் முன்பே ஒரே சீரான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து, இயக்குநரை உட்காரவைத்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள். பெரிய இடத்தில் இதைக் காரணம் காட்டிப் படத்தையே தள்ளிவிடுவார்கள்.

நேரம். ஐந்து என்றால் ஐந்து இருபத்தைந்து. இது திருந்த வேண்டும்.

சப்டைட்டில் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழு படத்தில் ஐந்தில் ஆங்கில சப்டைட்டில் இருந்தது. தமிழில் ஒன்றில்கூட இல்லை. போன மாதம் என் அண்ணன் மகளின் தோழி ஒருத்தி எங்களோடு வந்திருந்தாள், அவளுக்குக் காது கேட்காது. பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள், வேகமாக ஓடுகிற ஆங்கிலத்தைப் பிடிக்க முடியவில்லை. அந்தக் கோல்கீப்பர் படத்தை மட்டும்தான் முழுசாகப் பார்த்தாள், அது முடிந்ததும் என் கையைப் பிடித்து அழுத்தினாள். தமிழ்ப் படம், தமிழ் ஹால், எழுத்து மட்டும் வெளிநாட்டு நடுவருக்கு. ஆங்கிலம் போடாதே என்று சொல்ல மாட்டேன், வெளி விழாவுக்கு அது வேண்டும். கேரளாவில் திருவனந்தபுரத்தில் நடக்கும் ஆவண, குறும்பட விழாவுக்கோ, பிரான்சில் கிளெர்மோன் ஃபெரானுக்கோ அனுப்பும்போது மொழி தெரியாதவர்களும் பார்க்க வேண்டுமே. ஆனால் பதினைந்து நிமிடப் படத்துக்குத் தமிழ் எழுத்து அடிக்க ஒரு சாயங்காலம் போதும். யாருக்காவது அடித்துத் தர ஆள் இல்லையென்றால் நான் அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம். இதை நடத்துகிறவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

பெண்களுக்கான கழிவறை கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது, விசேஷம் இல்லாத நாளில் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருப்பார். இரண்டரை மணி நேர நிகழ்ச்சியில் இது சின்ன விஷயம் கிடையாது. நாலு திரையிடலிலும் சேர்த்து நான் பார்த்த இருபத்தெட்டு படத்தில் பெண்கள் எடுத்தது ஐந்து. ஹாலிலும் பெண்கள் கால் பங்குதான் இருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு நிம்மதியாக வீடு திரும்ப முடியுமா, உட்காருமிடத்தில் வசதி இருக்கிறதா என்பதை எல்லாம் பார்த்துத்தான் ஒரு பெண் வருவாளா மாட்டாளா என்பது முடிவாகிறது. மெட்ரோ பக்கத்தில் இருப்பதால் திரும்பும் கவலை பெரிதாக இல்லை, தண்டையார்பேட்டைக்கு எனக்குச் சில நிமிடம்தான். மற்றதை இவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு பற்றிக் கேட்பவர்களுக்கு: இடைவேளையில் டீயும் மசால் வடையும் தனிக்காசு, வடை சூடாக இருந்தது. படம் முடிந்து கீழே இறங்கினால் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், விற்கும் கடை இருக்கிறது, பேச்சின் பாதி அங்கேதான் தொடர்கிறது. அரிவாள் படத் தம்பியும் குடம் பற்றிக் கேட்ட அம்மாவும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் அனுப்ப விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சினிமாப் பாட்டை எடுத்துப் போடாதீர்கள், அந்த ஹாலில் யாரும் கேட்க மாட்டார்கள் என்றாலும் நாளை யூடியூபில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினை வரும், வெளி விழாவுக்கும் அனுப்ப முடியாது. யூடியூபில் அவசரப்பட்டு ஏற்றவும் வேண்டாம், சில விழாக்களில் ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தை எடுத்துக்கொள்வதில்லை, அனுப்பும் முன் அந்த விழாவின் விதியைப் படித்துவிடுங்கள். முதலில் இங்கே காட்டுங்கள். திட்டு வாங்குங்கள். வெட்டுங்கள். மறுபடி கொண்டுவாருங்கள்.

அந்தக் காசிமேட்டுப் பெண்ணின் படத்தில் மீன் ஆயும் அம்மாவாக நடித்தது அவருடைய சொந்த அத்தை. நிஜத்திலும் அதே தொழில். முதல் திரையிடலுக்கு அவர் வரவில்லை, இந்த முறை வந்து கடைசி வரிசையில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். படம் முடிந்து எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டியபோது எழுந்து நிற்கவா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்து அவரை முன்னால் அழைத்துப்போனார்.

அடுத்த மாதம் நானும் என் ஒன்பது நிமிடப் படத்தைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆயா முன்வரிசையில் இருப்பாரா என்று இப்போதே விசாரித்துவிட்டேன், எப்போதும் வருவார் என்றார்கள். கழிவறைச் சாவியின் நகல் ஒன்று எடுத்து வாசலில் டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் வைக்கிறோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வைத்தார்களா இல்லையா என்று போய்ப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.